நீரடி ரோபோவும் கூண்டு மீன் வளர்ப்பும்

மிதக்கும் வளையத்தில் வலை தொங்கவிட்டுக் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளைச் சோதிக்கவும் துப்புரவாக்கவும் பயன்படும், கேபிளில் இணைந்த இயந்திரமே நீரடி ரோபோ. கெமரா, விளக்கு, உந்துவிசிறிகள் பூட்டிய இதைப் படகிலிருந்தே இயக்கலாம். நோர்வேயின் சால்மன் பண்ணைகளில் இது வழக்கமான கருவி. இலங்கையில் கூண்டுக் கொடுவா வளர்ப்பு திருகோணமலைக் கடலில் வணிக அளவில் நடக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, மருதமுனை, நிந்தவூர்க் கரையோ பெரிதும் கரைவலைக்கும் ஆழ்கடல் படகுக்கும் உரியது.

இந்த வேறுபாட்டுக்குக் கடலமைப்பும் ஒரு காரணம். திருகோணமலைக்குக் குடா அரணாக இருக்கிறது. அம்பாறைக் கரையோ திறந்து கிடக்கிறது. ஒலுவில் துறைமுக வாயிலை மணல் அடைத்ததே இக்கரையின் மணலோட்டத்துக்குச் சான்று. எனவே அலைக்குத் திறந்த இங்கே கூண்டு வைத்தால், ரோபோவின் முதற்பயன் துப்புரவு அல்ல, பார்வையே. விரலளவு கிழிசல் அலையில் இழுபட்டுப் பெருத்தால் மீன் தப்பிவிடும். நங்கூரக் கயிறு தேய்வதும் மேலிருந்து தெரியாது. நீரைப் பீய்ச்சிப் பாசியைக் கழற்றும் ரோபோவோ, சிதறும் துகளால் மீனின் செவுளைப் புண்ணாக்கக்கூடும்.

வலையைச் சோதிக்கும் சுழியோடியின் பிழைப்பு போகுமே என்பர். முழுதும் போகாது: கிழிசலைத் தைக்க அவர் கை இன்னும் வேண்டும், தேடுவதற்காக வீணாக மூழ்கும் ஆபத்துத்தான் குறையும். மாரியில் ஆற்றுநீர் கலங்கும்போது கெமரா குருடாகும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. சோனார் ஓரளவு உதவினாலும் சிறு கிழிசலைக் காட்டாது. ஆகவே சோதனையை வடகீழ்ப் பருவத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். ஆனாலும் அலையைத் தாங்கும் கூண்டு இல்லாத கரையில் ரோபோ வாங்குவது வீண்செலவு.