முந்நூற்றுப் பத்து கிராம்

கிளியனூரில் ஒரு மளிகைக் கடை. அதன் மேல்தட்டில், ஊதுபத்திப் பாக்கெட்டுகளுக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவே ஒரு பழைய வாலிபால் உட்கார்ந்திருக்கிறது. விவரம் தெரியாத பையன்கள் அதைக் காட்டி விலை கேட்டால் கடைக்காரருக்குக் கோபம் வந்துவிடும். அது என் அப்பாவின் பந்து. கடைக்காரர் அப்பாவின் சிநேகிதர். எனக்கு மாமா. இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனால் என் காது குத்தலுக்கு மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர்தான்.

அப்பா தையல்காரர். கடைவீதியில் ஒரே ஒரு மெஷின் போட்ட சின்னக் கடை. ஊருக்கு அவர் தையல்காரர் என்பது பகலில்தான். நாலரை மணிக்கு மெஷினை மூடிவிட்டால் அவர் வாலிபால்காரர். உயரம் ஐந்தடி ஆறங்குலம். ஆண்களுக்கான நெட்டின் உயரம் 2.43 மீட்டர், அதாவது எட்டடிக்கு அரை அங்குலம்கூடக் குறையாது. அந்த உயரத்தை எட்டிப் பந்தை எதிராளியின் காலடியில் அறைய அவருக்கு இருந்தவை இரண்டே இரண்டு: முழங்கால், மாமா. மாமா தூக்கிக் கொடுப்பார், அப்பா அடிப்பார். முப்பது வருஷம் இதில் மாற்றம் இல்லை.

பந்து பிறந்த ஊர் ஜலந்தர். அதற்கும் முன்னால் அந்தத் தொழிலுக்கு ஊர் சியால்கோட். 1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து கிளம்பிய விளையாட்டுச் சாமான் தொழிலாளர்கள் ஜலந்தரில் வந்து தங்கினார்கள். கையில் கொண்டுவந்தது ஊசியும் பழக்கமும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மர இடுக்கியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசிகளில் கோத்து எதிரெதிராக இழுத்துத் தைப்பார்கள். மூன்று மூன்று பட்டையாக ஆறு தொகுதி, ஆக 18 பட்டைகள். உள்ளே ரப்பர் பிளாடர். ஷூவுக்கு இருப்பது போல வாயில் லேஸ். எங்கள் பந்து அந்த மாதிரிப் பந்து.

அது ஊருக்கு வந்தது 1986 கடைசியில். அந்த வருஷம் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை வென்று வாலிபாலில் வெண்கலம் வாங்கியது. ஜிம்மி ஜார்ஜ் ஆடிய அணி. பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி அப்பா தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினார். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், ஏனென்றால் அந்த இடத்தில் அதுவரை இருந்தது லட்சுமி படம். "லட்சுமி கல்லாப் பெட்டிக்கு மேல போயிட்டாங்க, அதான் அவங்க இடம்" என்று அப்பா சமாதானம் சொன்னாராம்.

வரும் பொங்கலுக்குப் புதுப் பந்தில்தான் ஆட்டம் என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் புதுச்சேரிக்குப் போனார்கள். போகும்போது அப்பா மிதித்தார், வரும்போது மாமா. பாதி வழியில் மழை. தோல் பந்து நனைந்தால் தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு கல் மாதிரி கனக்கும், காய்ந்தால் கோணும். அப்பா பந்தைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார்.

எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து வயிறு வீங்கி வருகிற எந்த மனிதனையும், சட்டைக்குள் சாராய பாட்டில் இருக்கும் என்று, அங்கே சும்மா விடமாட்டார்கள்.

"சட்டைக்குள்ள இன்னா?"

"பந்து சார்."

"எத்தினி பந்து?"

அப்பா பொத்தானைக் கழற்றிக் காட்டினார். காவலர் பந்தை வாங்கி, முகர்ந்து பார்த்து, தட்டிப் பார்த்து, இரண்டு விரல் நுனியில் மேலே எறிந்து பிடித்தார். பிறகு, "காத்து கம்மியா இருக்குது, ஊருக்குப் போனதும் அடிச்சிக்கோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவரும் ஆடுகிறவர்தான் என்று மாமா அடித்துச் சொல்வார். அப்பாவோ, அந்த மனிதர் கையில் பந்து நின்ற விதமே சரியில்லை என்பார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் மாமா கடைக்குப் போனார்கள். விதிப்படி பந்தின் எடை 260இலிருந்து 280 கிராமுக்குள் இருக்கவேண்டும். மாமா தராசை எடுத்தார். ஒரு தட்டில் பந்து. மறு தட்டில் 200, 50, 20. முள் நேராக நின்றது. 270 கிராம். கடைக்கு வந்திருந்த கிழவி ஒருத்தி, "கிலோ இன்னா விலை?" என்று கேட்டாளாம்.

தை முதல் வாரத்தில் ஏரிக்கரையோரம் சவுக்குக் கம்பு நட்டு நெட் கட்டினார்கள். பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம், சுண்ணாம்புக் கோடு. மல்லாட்டை பிடுங்கின கையோடு வந்து ஆடியவர்களும் இருந்தார்கள். அப்போது பழைய கணக்கு. சர்வீஸ் போடுகிற பக்கம் ஜெயித்தால்தான் புள்ளி, பதினைந்து எடுக்கவேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருந்துவிட்டால் சர்வீஸ் மாறிக்கொண்டே இருக்கும், எண் நகராது. 12-12இல் முக்கால் மணி நேரம் நின்ற ஆட்டம் ஒன்று உண்டு. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் களத்தின் குறுக்கே வீடு திரும்பின. ஆட்டம் நின்றது, மாடுகள் போயின, அதே 12-12இல் மறுபடி தொடங்கியது. அந்த ஆட்டத்தில் எங்கள் ஊர் தோற்றது. 15-13.

தோல்வி மாமாவுக்குச் செரிக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் கடையின் கடன் நோட்டில் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். 1990களின் கடைசியில் உலகம் முழுக்க விதி மாறியது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்று வந்தது. மாமா ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அந்தப் பழைய நோட்டைப் புதுக் கணக்கில் கூட்டிப் பார்த்தார். விடிந்ததும் தையல் கடைக்கு ஓடிவந்தார்.

"டேய், நாமதான்டா ஜெயிச்சோம்!"

அப்பா மெஷினை நிறுத்தவில்லை. "பன்னெண்டு வருஷம் கழிச்சி ஜெயிச்சிருக்கோம். யாருகிட்ட போயி கப்பு கேக்கறது?"

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு கால் கிலோ ஜாங்கிரி வாங்கித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எதற்கு என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பந்துக்கு வயதாயிற்று. பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். தையல் பிரிந்தால் அப்பாவே தைப்பார். மெஷினில் வராது. ஜலந்தர்க்காரர்கள் செய்வதுபோலவே இரண்டு ஊசி, மெழுகு நூல். இடுக்கி கிடையாது. அதனால் மாமா பந்தைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் நூலுக்கு மெழுகு தடவுவேன். அப்பா ஊசியை உள்ளே விட்டு, மறுபக்கம் ஊசி வெளியே வரும்போது, "அசையாதடா, தொடையில ஏத்திடுவேன்" என்பார். ஒருமுறை ஏற்றியும் விட்டார். மாமா போட்ட கத்தலில் கடையில் நின்றவர் பாக்கியை உடனே தீர்த்துவிட்டுப் போனார்.

தைத்து முடித்ததும் விளக்கெண்ணெய் தொட்டுத் தோலுக்குத் தடவுவார்கள். பிறகு தராசு. ஒட்டும் நூலும் எண்ணெயும் சேர்ந்து எடை ஏறிக்கொண்டே போனது. 275, 285, 290.

"பந்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சி போலடா, வருஷா வருஷம் சதை போடுது" என்றார் மாமா.

"உன் தராசு பொய் சொல்லுது. அரிசியும் இப்படித்தான் போடறியா?"

மாமா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே களத்துக்கு வந்து நின்றார். வராமல் எப்படி? வாலிபாலில் தடுப்பதைத் தவிர்த்து, ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைத் தொடக்கூடாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் அவனுக்கு யாராவது தூக்கிக் கொடுத்தாகவேண்டும். ஆட்டத்தின் எல்லா விதிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் சவுக்குத் தோப்புகள் தரையோடு படுத்தன. தையல் கடையின் கூரைத் தகரம் பறந்தது. துணிகள் போயின, பந்தும் போயிற்று. வாடிக்கையாளர்களின் துணிக்கெல்லாம் அப்பா ஈடு சொல்லிக்கொண்டிருந்தபோது, மாமா தெருத்தெருவாகப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் இரண்டு சிறுவர்கள் கொண்டுவந்தார்கள். விழுந்துகிடந்த சவுக்கு மரத்தின் கிளையில் சிக்கியிருந்ததாம். ஊறிப்போய்ப் பூசணிக்காய் மாதிரி கனத்தது. லேசை அவிழ்த்து, பிளாடரை எடுத்துவிட்டு, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவைத்தார்கள். தோலை வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். ஒன்பது நாள் காய்ந்தது. பேப்பரைத் தினமும் மாற்றியது என் அம்மா.

காய்ந்தபின் எடை 310. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. இனி இது ஆட்டத்துக்கு ஆகாது என்றார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றி, வாலிபாலின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த வில்லியம் மார்கன் உண்டாக்கிய ஆட்டம் இது. கூடைப்பந்து கனமாக இருந்தது, அதன் பிளாடரோ லேசாக இருந்தது, அதனால் தனியாக ஒரு பந்தைச் செய்ய வைத்தார். இந்தியாவுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் அதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். மார்கன் காலத்து முதல் விதிகளில் பந்தின் எடை 9 அவுன்சிலிருந்து 12 அவுன்ஸ் வரை. நம் கணக்கில் 255 கிராமிலிருந்து 340 கிராம்.

ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா தராசை ஓங்கித் தட்டினார். "பாத்தியாடா! உண்டாக்கினவரு கணக்குல நம்ம பந்து சரியான பந்து!"

அப்பா யோசித்துவிட்டு, "அப்ப நெட்டு எவ்வளவு உயரம் வெச்சாரு பாப்பா?" என்றார்.

"ஆறரை அடி."

"ஆறரை அடியா?" அப்பாவின் கண் விரிந்தது. "நூறு வருஷம் முன்னாடி பொறந்திருந்தா எகிறாமலே அடிச்சிருப்பேனே!"

சாலை நான்கு வழியானது, கடைகள் பின்னால் தள்ளிப்போயின, களமும் இடம் மாறியது. அப்பாவின் முழங்கால் தேய்ந்தது. 2019இல் அப்பா போய்விட்டார். கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபோது மாமா தினமும் பந்தோடு வருவார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, விரல் நுனியால் மெதுவாகத் தூக்கிப் போடுவார். அப்பா ஒரு கையால் தட்டிவிடுவார். அம்மா திட்டுவாள். ஒருநாள் பந்து போய்க் கஞ்சிச் சொம்பில் விழுந்தது. "அவுட்டு" என்றார் மாமா. "கோட்டுல விழுந்துச்சி" என்றார் அப்பா. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா பந்தை மாமாவிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அது கடைத் தட்டில் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இறக்கிப் பார்த்தோம். தோல் நன்றாக இருக்கிறது. அப்பா போட்ட தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. பிளாடர்தான் உளுத்துப்போய் விண்டு விழுகிறது. லேஸ் பந்துக்குப் போடுகிற, நீளக் கழுத்துள்ள நாலாம் நம்பர் பிளாடர் இப்போது கடைகளில் வருவதில்லை. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி எல்லாம் கேட்டாயிற்று. உங்கள் ஊர்ப் பழைய விளையாட்டுச் சாமான் கடையில், எந்த மூலைப் பெட்டியிலாவது ஒன்று கிடந்தால் எங்களுக்காக வாங்கி வையுங்கள். கிளியனூர் கடைவீதியில் வந்து, வாலிபால் இருக்கிற மளிகைக் கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மாமாவுக்கு எழுபத்து மூன்று வயது. பிளாடர் வந்தால் பேரனுக்குத் தூக்கிக் கொடுக்கவேண்டும் என்று விரல்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.