பியானோ வாசித்தது யார்? - ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டைத் துப்பறிந்த கதை

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான சப்ஜெக்ட். பொறுமையாகப் படியுங்கள்.

பரீட்சை முடிந்த கையோடு பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுத்தம் செய்து கொண்டிருந்தேன். யாரோ ஒரு சீனியர் விட்டுப் போன பாட்டு ஃபோல்டர் அதில் இருந்தது. "டிராக் 03" என்று ஒரு ஃபைல். கலைஞர் பெயர் வர வேண்டிய இடத்தில் "அன்நோன் ஆர்ட்டிஸ்ட்". சும்மா ஓட விட்டேன். மூன்று நிமிடம் கூட இல்லை. ஒரு டிரம்பெட்டும் ஒரு சாக்ஸபோனும் ஒன்றை ஒன்று துரத்திக் கொண்டு ஓடுகின்றன. பிறகு சாக்ஸபோன் மட்டும் தனியாக, மூச்சு விடாமல்... எனக்கு ஜாஸ் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும் அன்று இரவு அதைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன்.

போனில் உள்ள ஆப் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னது. "கோ-கோ". வாசித்தவர் சார்லி பார்க்கர். பதிவான நாள் 1945 நவம்பர் 26.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சாக்ஸபோனுக்குப் பின்னால் பியானோ வாசிப்பது யார் என்று தேடினேன். அங்கேதான் மாட்டிக் கொண்டேன். ஒரு இடத்தில் டிஸ்ஸி கில்லெஸ்பி என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் ஆர்கான் தார்ன்டன். வேறு இடத்தில் சாதிக் ஹக்கீம். இன்னும் ஒரு இடத்தில் ஹென் கேட்ஸ். ஒரே பாட்டு, ஒரே பியானோ, நான்கு பெயர்கள்! இந்தக் குழப்பத்தை அவிழ்க்கப் போனபோதுதான் டிஸ்கோகிராஃபி என்று ஒரு துறையே இருப்பது தெரிய வந்தது.

டிஸ்கோகிராஃபி என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், இசைத்தட்டுகளின் ஜாதகம். எந்தப் பாட்டு, எந்த நாளில், எந்த ஊரில் பதிவானது, யார் எந்த வாத்தியம் வாசித்தார், தட்டின் எண் என்ன என்று வரிசையாக எழுதி வைப்பது.

ஜாஸ் பிறந்தது அமெரிக்காவில். ஆனால் அதற்குக் கணக்கு எழுத முதலில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். காரணம் யோசித்தால் புரியும். நியூயார்க்கில் இருப்பவர் கிளப்புக்குப் போய் நேரிலேயே பார்த்து விடலாம். பாரீஸில் இருப்பவர் கையில் தட்டு மட்டும்தான் இருக்கிறது. லேபிளில் குழுவின் பெயர் இருக்கும், டிரம்பெட் வாசித்தவர் பெயர் இருக்காது. அந்த ஆள் யார் என்று தெரிந்து கொள்ளும் ஆசையில் இருந்துதான் இந்தத் துறையே வளர்ந்தது.

1936ல் பாரீஸில் சார்ல் தெலோனே "ஹாட் டிஸ்கோகிராஃபி" என்ற புத்தகத்தை வெளியிட்டார். (இவருடைய அப்பா ராபர்ட், அம்மா சோனியா இருவருமே புகழ்பெற்ற ஓவியர்கள்.) அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹில்டன் ஷ்லேமன் ஒரு தொகுப்பைக் கொண்டு வந்தார். பிறகு வந்தவர் பிரையன் ரஸ்ட். பி.பி.சி.யின் இசைத்தட்டு நூலகத்தில் வேலை பார்த்தவர். 1897 முதல் 1942 வரையான ஜாஸ் தட்டுகளை அவர் பட்டியலிட்டார்.

ஏன் 1942ல் நிறுத்தினார்? அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. தட்டுகளை ரேடியோவிலும் ஓட்டல்களிலும் போட்டு விடுவதால் நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பு போகிறது என்பது அவர்கள் வாதம். சில கம்பெனிகள் 1943லேயே உடன்பாட்டுக்கு வந்தன. பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. "பீபாப்" என்ற புதிய வகை ஜாஸ் உருவான காலம் சரியாக இதுதான். அதனால் அதன் ஆரம்ப நாட்களுக்கு ஸ்டுடியோ பதிவுகள் மிகக் குறைவு. 1945ல் பதிவான "கோ-கோ"வுக்கு இவ்வளவு மதிப்பு வர அதுவும் ஒரு காரணம்.

தட்டில் ஒளிந்திருக்கும் எண்

பழைய 78 ஆர்.பி.எம். தட்டு கையில் கிடைத்தால் லேபிளை மட்டும் பார்க்காதீர்கள். லேபிளுக்கும் வரிகள் முடியும் இடத்துக்கும் நடுவில் மழமழவென்று ஒரு வளையம் இருக்கும். அதில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். அதுதான் மேட்ரிக்ஸ் எண்.

கடையில் விற்பதற்கான எண் வேறு, இது வேறு. ஸ்டுடியோவில் ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போதே வரிசையாகக் கொடுக்கும் எண் இது. ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்தால் எண்ணுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று டேக் எண் சேரும். ஒரு தட்டின் தேதி தெரியாவிட்டாலும், அதற்கு முந்தைய எண்ணுக்கும் பிந்தைய எண்ணுக்கும் தேதி தெரிந்தால் இது நடுவில் எங்கேயோ என்று பிடித்து விடலாம். ஒரே பெயரில் இரண்டு பாட்டுகள் இருந்தாலும் இந்த எண் காப்பாற்றும். டியூக் எல்லிங்டன் 1940 மார்ச் 6 அன்று விக்டர் கம்பெனிக்குப் பதிவு செய்ததும் "கோ-கோ"தான். ஆனால் அது முற்றிலும் வேறு பாட்டு! பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் நான் அங்கேயே வழுக்கி விழுந்திருப்பேன் :-)

லேபிளில் பொய்ப் பெயர்கள்

எண் பொய் சொல்வது அபூர்வம். பெயர்கள் அப்படியில்லை. ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் இருந்தால் இன்னொரு கம்பெனிக்கு வாசிக்க முடியாது. அதனால் புனைபெயர். 1953 மே 15 அன்று டொராண்டோ மாஸ்ஸி ஹாலில் நடந்த கச்சேரி தட்டாக வந்தபோது, அதில் சார்லி பார்க்கரின் பெயர் "சார்லி சான்". எல்லிங்டனின் குழு ஒரு லேபிளில் "ஜங்கிள் பேண்ட்", இன்னொன்றில் "ஹார்லெம் ஃபுட்வார்மர்ஸ்".

என்னை அதிகம் யோசிக்க வைத்தது எட்டி லாங் விஷயம். இவர் வெள்ளைக்கார கிட்டார் கலைஞர். 1928-29ல் கருப்பினக் கலைஞரான லானி ஜான்சனுடன் ஜோடியாக கிட்டார் வாசித்துச் சில அற்புதமான தட்டுகள் போட்டார். லேபிளில் லாங்கின் பெயர் "பிளைண்ட் வில்லி டன்". அவருக்குக் கண் நன்றாகவே தெரியும்! கருப்பின மக்களுக்கான தட்டுகள், வெள்ளையர்களுக்கான தட்டுகள் என்று கம்பெனிகள் தனித்தனியாகப் பிரித்து விற்ற காலம் அது. இரண்டு பேர் சேர்ந்து வாசித்ததை மறைக்க ஒருவருக்குக் கருப்பினப் பாடகர் போல ஒரு பெயர் வைத்தார்கள். லேபிளை அப்படியே நம்பினால் இந்த வரலாறே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

1945 நவம்பர் 26

இப்போது நம் கேஸுக்கு வருவோம். சவோய் என்ற சின்னக் கம்பெனி. இடம் நியூயார்க். சாக்ஸபோன் சார்லி பார்க்கர், டிரம்ஸ் மேக்ஸ் ரோச், பேஸ் கர்லி ரஸல், டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ். அப்போது டேவிஸுக்கு வயது 19தான். பியானோ வாசிக்க வேண்டியவர் பட் பவல். அவர் வரவில்லை. கில்லெஸ்பி அங்கே இருந்தார். அவர் டிரம்பெட்டில் மன்னன், பியானோவும் வாசிப்பார். ஆர்கான் தார்ன்டன் என்ற இளம் பியானோக்காரரும் வந்து சேர்ந்தார்.

லேபிள்காரர்கள் பியானோவுக்குப் போட்ட பெயர் "ஹென் கேட்ஸ்". இது கில்லெஸ்பியின் புனைபெயர். ஆனால் ஜேம்ஸ் ஃபோர்மன் என்ற நிஜமான பியானோ கலைஞருக்கும் "ஹென் கேட்ஸ்" என்றுதான் பட்டப்பெயர்! தார்ன்டனோ சில ஆண்டுகளில் இஸ்லாத்தைத் தழுவி சாதிக் ஹக்கீம் என்று பெயரை மாற்றிக் கொண்டார். ஆக, நான் பார்த்த நான்கு பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டே பேர். கில்லெஸ்பி, ஹக்கீம். முதல் முடிச்சு அவிழ்ந்தது.

அடுத்தது, எந்தப் பாட்டில் யார்? அன்றைய முக்கியமான நான்கு பாட்டுகளின் மேட்ரிக்ஸ் எண்கள் எஸ் 5850 முதல் எஸ் 5853 வரை. "பில்லீஸ் பவுன்ஸ்", "நவ்ஸ் த டைம்", "த்ரைவிங் ஆன் எ ரிஃப்", கடைசியில் "கோ-கோ". நிராகரித்த டேக்குகளையும் சவோய் தூக்கிப் போடவில்லை. 1978ல் அவை எல்லாம் சேர்ந்து ஐந்து எல்.பி. தொகுப்பாக வந்தன. தவறாகத் தொடங்கி நின்று போனவை கூட அதில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு அது புதையல்.

அவற்றைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வந்த முடிவு இது. முதல் இரண்டு பாட்டுகளில் பியானோ கில்லெஸ்பி. "த்ரைவிங் ஆன் எ ரிஃப்"பில் ஹக்கீம். இரண்டு பேரின் கைப்பழக்கமும் வேறு வேறு என்பது காதுக்கே தெரிகிறது என்கிறார்கள்.

"கோ-கோ"வில்தான் சிக்கல். அதில் டிரம்பெட் வாசித்தது மைல்ஸ் இல்லை, கில்லெஸ்பி. 1989ல் வெளிவந்த தன் சுயசரிதையில் மைல்ஸே அந்த வேகத்துக்குத் தான் அப்போது தயாராக இல்லை என்று ஒப்புக் கொள்கிறார். சரி, கில்லெஸ்பி டிரம்பெட் என்றால் பியானோ?

ஹெட்போன் மாட்டிக் கொண்டு கவனித்துக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் டிரம்பெட், சாக்ஸபோன், பின்னால் டிரம்ஸ் மட்டும்தான். பார்க்கரின் தனி வாசிப்பு தொடங்கிய பிறகுதான் பியானோ வருகிறது. முடிவில் டிரம்பெட் திரும்பும்போது பியானோ இல்லை. அதாவது ஒரே ஆள் டிரம்பெட்டை வைத்து விட்டு பியானோவுக்கு ஓடி, மறுபடி திரும்பி வந்திருக்க முடியும்! கில்லெஸ்பிதான் இரண்டும் என்று சொல்பவர்களின் வாதம் இதுதான். அறையில் ஒரு பியானோக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இவர் ஏன் ஓட வேண்டும், பியானோவில் ஹக்கீமும் இருந்திருக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. அதனால்தான் கவனமான பட்டியல்களில் இந்த இடத்தில் இரண்டு பெயர்களும் வருகின்றன.

இது எதற்கு?

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் சொன்னபோது, "எண்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டில் யார் பியானோ வாசித்தால் உனக்கு என்னடா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஹக்கீமின் இன்னொரு கதையைச் சொன்னேன்.

"எரோனெல்" என்று ஒரு பாட்டு. தெலோனியஸ் மங்க் 1951ல் புளூ நோட் கம்பெனிக்குப் பதிவு செய்தார். பல வருடங்கள் அது மங்க் மட்டுமே இயற்றிய பாட்டாக அறியப்பட்டது. உண்மையில் அதை உருவாக்கியதில் ஹக்கீமுக்கும், இட்ரீஸ் சுலைமான் என்ற டிரம்பெட் கலைஞருக்கும் பங்கு உண்டு. பிற்காலத்தில்தான் அவர்கள் பெயரும் சேர்ந்தது. ஹக்கீம் 1983ல் இறந்தார். பார்க்கருடன் ஒரே அறையில் வாசித்தவர், மங்கின் பெயரில் வந்த ஒரு பாட்டில் பங்கு உள்ளவர். இரண்டு இடத்திலும் அவர் பெயர் தாமதமாகத்தான் வந்தது.

அந்தக் காலத்தில் உடன் வாசித்தவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைய கூலியோடு சரி. ராயல்டி கிடையாது, லேபிளில் பெயரும் கிடையாது. "நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்ல அவர்களுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். எங்கோ ஒரு பட்டியலில் ஒரு வரி. அந்த வரியைச் சரியாக எழுதத்தான் இத்தனை பேர் ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கற்றுக் கொண்டேன். தெரியாத இடத்தில் நல்ல டிஸ்கோகிராஃபிகாரர் ஊகித்துப் பெயர் எழுதுவதில்லை. "பியானோ: தெரியவில்லை" என்று எழுதி விடுகிறார். முதலில் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. இப்போது அதுதான் பெரிய நேர்மையாகத் தெரிகிறது. தப்பான பெயரை ஒரு முறை எழுதி விட்டால் அடுத்தவர் அதைக் காப்பியடிப்பார், அதற்கடுத்தவரும் காப்பியடிப்பார். உண்மையில் வாசித்தவர் திரும்பி வர வழியே இருக்காது. "தெரியவில்லை" என்று விட்டால் அந்த இடம் அவருக்காகக் காலியாகவே காத்திருக்கும்.

உங்களுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தால், கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பழைய ஒலிப்பதிவுகளின் பெரிய பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மேட்ரிக்ஸ் எண்ணைப் போட்டே தேடலாம். நேரம் போவதே தெரியாது.

என் ஹார்ட் டிஸ்கில் அந்த ஃபைலுக்கு இப்போது பெயர் மாற்றி விட்டேன். "கோ-கோ, எஸ் 5853, டேக் 2". பியானோ என்ற இடத்தில் "கில்லெஸ்பி, ஹக்கீம்" என்று இரண்டு பெயரையும் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்திருக்கிறேன்.

"அன்நோன் ஆர்ட்டிஸ்ட்" என்று இருந்ததற்கு அது எவ்வளவோ மேல், இல்லையா?