தண்ணீர்மலைக் காட்டின் இருநூறு ஆண்டுகள்

ஜார்ஜ் டவுன் நகருக்கு மேற்கே, அருவி விழும் மலையடிவாரத்தைப் பினாங்குத் தமிழர் தண்ணீர்மலை என்று வழங்குவர். தைப்பூசத் திருநாளில் வெள்ளி இரதம் சென்றடைவதும், காவடிகள் போய்ச் சேர்வதும் அங்கேதான். அருவியை ஒட்டி முதலில் எழுந்த சிறு முருகன் கோயில் பின்னர் இடம் மாறியது. 2012ஆம் ஆண்டில் மலைமேல் பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கில் மழை குறைந்த காலமாகும். அந்நாளிலும் அருவி வற்றாமல் ஓடுகின்றது என்றால், அதற்குக் காரணம் மலையின் மேலுள்ள காடேயாகும். அந்தக் காடு எவ்வாறு அழிந்தது, எவ்வாறு எஞ்சியது என்பதை அறிவது, இத்தீவின் உழைக்கும் மக்களுடைய வரலாற்றை அறிவதுமாகும்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டபோது, கடற்கரையிலிருந்து மலைமுடிவரை பெரும்பகுதி அடர்ந்த காடாகவே இருந்தது. கம்பெனி இத்தீவைக் கப்பல் தங்குமிடமாக மட்டுமன்றி, நறுமணப் பயிர் விளையும் தோட்டமாகவும் ஆக்க விரும்பியது. மிளகு முதலில் பயிராயிற்று. டச்சுக்காரர் வசமிருந்த மொலுக்காஸ் தீவுகளை 1796இல் ஆங்கிலேயர் பிடித்தபின், சாதிக்காய், கிராம்புக் கன்றுகள் பினாங்கிற்கு வந்து சேர்ந்தன. தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் இப்பணியில் முன்னின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சமவெளி மட்டுமன்றி, செங்குத்தான மலைச்சரிவுகளும் இப்பயிர்களுக்காக வெட்டித் திறக்கப்பட்டன. மரக்கரி சுடுவோரும் விறகு வெட்டுவோரும் எஞ்சிய காட்டினுள் நுழைந்தனர்.

இந்த மாற்றத்தின் உடலுழைப்பை அளித்தவர் யாவர்? தீவின் தொடக்ககாலச் சாலைகளை அமைத்தவருள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பலர். தோட்டங்களில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் உழைத்தனர். எதிர்க்கரையாகிய வெல்லஸ்லி மாகாணத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் திரளாகக் கொண்டுவரப்பட்டனர். கரும்புச்சாற்றைக் காய்ச்சும் கொப்பரைகளுக்கு ஓயாமல் விறகு வேண்டியிருந்தது. ஆகவே கரும்பு, தான் விளைந்த நிலத்தை மட்டுமன்றி, அடுப்பெரிக்க அண்டைக் காடுகளையும் விழுங்கியது எனலாம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கரும்பு நின்ற இடத்தில் இரப்பர் வந்தது. காடு திரும்பி வரவில்லை.

காட்டழிவின் விளைவை அக்காலத்திலேயே எடுத்துரைத்தவர் ஒருவர் உண்டு. பினாங்கில் வழக்கறிஞராக விளங்கிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், தாம் நடத்திய கீழ்த்திசைத் தீவுகள் பற்றிய ஆய்விதழில், 1848ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். மலைக்காடுகள் தொடர்ந்து அழிக்கப்பட்டால் பினாங்கின் தட்பவெப்பம் என்னவாகும் என்பதே அதன் பொருள். ஐரோப்பியரல்லாத மக்களின் உரிமைக்காகவும் வாதாடிய அவர் 1869இல் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபம் ஜார்ஜ் டவுனில் இன்றும் நிற்கின்றது. அதைக் கடந்து செல்வோருள் அக்கட்டுரையை அறிந்தவர் மிகச் சிலரே.

காட்டை அழித்தால் மழையே குன்றும் என்பது அந்நூற்றாண்டு அறிஞர் பலரின் கருத்து. ஒரு சிறு தீவின் மழையைக் கடற்காற்றும் பருவக்காற்றுமே பெரிதும் முடிவு செய்கின்றன என்பதால், அக்கருத்தை இன்று அவ்வாறே ஏற்பதற்கில்லை. ஆயினும் ஓடைகளைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அவர்கள் கொண்ட அச்சம் முற்றிலும் உண்மையானது. வெப்பமண்டலப் பெருமழை நேரே தரையைத் தாக்காதவாறு இலைக்கூரை அதன் வேகத்தைத் தணிக்கின்றது. உதிர்ந்த சருகும் வேர்களும் மண்ணை நுண்துளை மிக்கதாக்கி நீரை உள்ளே இறக்குகின்றன. அந்நீர் மெல்லக் கசிந்து வறண்ட மாதங்களில் ஓடையாகின்றது. பினாங்கு மலையோ கருங்கல் மலை. அதன்மேல் படிந்துள்ள சிதைந்த மண், மரத்தின் பிடி இல்லையெனில், ஒரே மழையில் கரைந்து இறங்கக்கூடியது.

1860ஆம் ஆண்டளவில் சாதிக்காய் மரங்களை நோய் தாக்கியது. செழித்திருந்த தோட்டங்கள் பாழாயின. ஒற்றைப் பயிரை நம்பி மலையை மொட்டையடித்ததற்குக் கிடைத்த முதற்பாடம் அது. 1880களில் நத்தானியேல் கான்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன்பின் ஒதுக்குக் காடுகள் வகுக்கப்பட்டன. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று, அருவிப் பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட கல்லுடைப்புக் களத்தைத் தாவரவியல் பூங்காவாக்கினார். தீவில் தாமாக வளரும் செடிகொடிகளைப் பட்டியலிட்டு 1894இல் அவர் வெளியிட்டது, பினாங்குக் காட்டின் பிறப்புப் பதிவேடு போன்றது.

ஆயினும் காட்டுக்கு எல்லைக்கல் நட்டதால் மக்களின் தேவை நின்றுவிடுவதில்லை. மலைச்சரிவுகளில் சீனச் சிற்றுழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிராம்பு, சாதிக்காய், டுரியான், காய்கறி, மலர் ஆகியவற்றை விளைவித்து வந்துள்ளனர். அவர்களைக் காட்டின் பகைவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது முறையன்று. டுரியான் பூ மாலையில் விரிவது. குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் இரவில் வந்து அதில் மகரந்தம் சேர்க்கின்றன. கடலோரச் சதுப்புநிலத்தின் பெரெம்பாங் மரப்பூவையும் அவையே நாடுகின்றன. ஆகவே குகையும் காடும் சதுப்பும் அழிந்தால் டுரியான் உழவனின் கூடையும் வெறுமையாகும். மரங்களைக் கலந்து நடும் பழைய பழத்தோட்டம் ஒருவகையில் காட்டின் உறவினர். சரிவைச் சமமாக வெட்டி வெறுமண்ணைக் காட்டுவதே கேடு.

1923இல் மலைரயில் ஓடத் தொடங்கியபின் மலை உல்லாசத்திற்கும் உரியதாயிற்று. 1990இல் தங்கும் விடுதிகளும் கேளிக்கை மையங்களும் கொண்ட பெருந்திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, 'பினாங்கு மலையின் நண்பர்கள்' எனும் அணியின்கீழ்ப் பொதுமக்கள் திரண்டெழுந்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அந்நாளைய சுற்றுச்சூழல் போராட்டங்களில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் அலாம் மலேசியாவையும் வழிநடத்திய எஸ். எம். முகமது இட்ரிசின் பங்கு பெரிது. 1926இல் தமிழகத்தில் பிறந்து 2019இல் மறைந்த அவர், மாசுற்ற ஆற்றால் பிழைப்பிழந்த மீனவருக்கும் காடிழந்த பழங்குடியினருக்கும் ஒருங்கே குரல் கொடுத்தார். இயற்கையைக் காப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கன்று, ஏழையின் வயிற்றுப்பிரச்சினை என்பதே அவர் வாழ்வின் சாரம்.

அதன் உண்மையை 2017ஆம் ஆண்டு கொடுமையாக மெய்ப்பித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து பதினொருவர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். இரு வாரங்களில், நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பெய்த பேய்மழை தீவெங்கும் வெள்ளத்தையும் சரிவையும் கொணர்ந்து மேலும் உயிர்களைப் பறித்தது. மலையை வெட்டுவதன் ஆதாயம் ஒருவர்க்குச் சேர, அதன் விலையைக் கடல்கடந்து வந்த கூலியாள் செலுத்துவது, கரும்புத் தோட்டக் காலத்தோடு ஒழிந்த வழக்கமன்று.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ, பினாங்கு மலையையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் கடலையும் சேர்த்து, 12,481 ஹெக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இத்தகுதி பெற்ற மூன்றாவது இடம் இது. நடுவே தீண்டப்படாத காடு, அதைச் சூழ்ந்து காவல் வளையம், வெளியே மக்கள் வாழ்ந்து பயிரிடும் நிலம் என்னும் அமைப்பு, காட்டையும் பிழைப்பையும் எதிரெதிராக நிறுத்தாமல் இணைக்க முயல்கின்றது. ஏட்டில் உள்ள இந்த வளையம் மண்ணிலும் நிலைக்க வேண்டுமானால், மலையுழவருக்கு நிலவுரிமையில் தெளிவும், சரிவு வெட்டுவோர்க்குத் தயங்காத தண்டனையும் வேண்டும்.

ஆனால் இம்மலைக்காடு ஒன்றே இன்றைய பினாங்கின் தாகத்தைத் தணிக்கப் போதாது. மாநிலத்தின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகின்றது. அவ்வாற்றின் ஊற்றுக்கண் கெடா மாநிலத்தின் உலு மூடாக் காட்டில் உள்ளது. அங்கே விழும் மரத்தின் ஓசை ஜார்ஜ் டவுனில் கேட்பதில்லை. குழாயில் நீர் குறையும்போதுதான் நகரம் அதை உணரும். மரத்தை வெட்டாமல் காப்பதற்கு ஈடாகத் தங்களுக்கு வருவாய் வேண்டும் என்று கெடா கேட்பதில் நியாயம் உண்டு. நீரைப் பருகுவோர் காட்டைக் காப்போருக்குக் கடமைப்பட்டவர் அல்லரோ?

நம் முன்னோர் அருவி கண்ட இடத்தில் கோயில் கண்டனர். அந்த அருவிக்கு நீர்தரும் காட்டையும் கோயிலின் ஒரு பகுதியாகக் கருதுவது தண்ணீர்மலை என்று பெயரிட்டவர்க்குரிய கடனாகும்.