ரகசியமும் நீதியும்: பெற்றோருக்குக் காட்டப்படாத ஆவணங்கள்

ஒரு குழந்தை வீட்டில் துன்புறுத்தப்படுவதாக யாரோ ரகசியமாகத் தகவல் தருகிறார். அதிகாரிகள் வீட்டுக்கு வருகிறார்கள். சில சமயம் குழந்தையை அழைத்துச் சென்று விடுகிறார்கள். "யார் சொன்னது? என்ன சொன்னார்கள்?" என்று பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண இங்கிலாந்து சட்டத்திற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

துப்புக் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது பழைய விதி. 1890ஆம் ஆண்டின் மார்க்ஸ் எதிர் பேஃபஸ் வழக்கு இதை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று காட்ட அப்பெயர் அவசியமானால் மட்டுமே விலக்கு உண்டு. பின்னர் 1942இல், ஓர் ஆவணத்தைக் காட்டக் கூடாது என்று அமைச்சர் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. அது போர்க்காலம். வழக்கும் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றியது.

இந்நிலையை மாற்றியது ஒரு டார்ச் விளக்கு! அதைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான பயிற்சிக் காவலர் ஒருவர், தன் மேலதிகாரி மீது வழக்குத் தொடர்ந்தார். தன்னைப் பற்றிய காவல்துறை அறிக்கைகளைக் கேட்டார். உள்துறை அமைச்சர் மறுத்தார். 1968இல் பிரபுக்கள் சபை, இறுதி முடிவு அமைச்சருடையது அல்ல, நீதிபதியுடையது என்று கூறியது.

அடுத்து ஒரு தாயின் வழக்கு. 1973இல் என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வாளர் அவர் வீட்டுக்கு வந்தார். பதினான்கு மாதக் குழந்தை அடிக்கப்படுவதாகப் புகார். அது பொய்ப் புகார். அதிர்ச்சியில் உடல்நலம் குன்றிய தாய், புகார் கொடுத்தவரின் பெயரைக் கேட்டார். 1977இல் பிரபுக்கள் சபை மறுத்தது. காவல்துறைக்குத் துப்புக் கொடுப்பவருக்கு உள்ள பாதுகாப்பு இவருக்கும் வேண்டும், இல்லாவிட்டால் நாளை யாரும் புகார் சொல்ல முன்வர மாட்டார்கள் என்பதே காரணம்.

ஆனால் மறைப்பதாலும் குழந்தைக்குத் தீங்கு வரலாம். 1987இல் ஒரு சிறுமியை மனநல மருத்துவர் விசாரித்தார். அவள் சொன்ன பெயர் தாயின் துணைவருடைய பெயராகவும் இருந்தது. உடனே அவள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள். அந்த வீடியோ பதிவைத் தாய்க்குக் காட்ட மறுத்தார்கள். சுமார் ஓராண்டு கழித்து எழுத்துப் படி கிடைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த ஆளை அம்மா வீட்டை விட்டுத் துரத்திவிட்டார் என்று சிறுமி சொல்லியிருந்தாள். துணைவரோ அதே வீட்டில்தான் இருந்தார்! 2001இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஆவணத்தைக் காட்டுவதா என்ற கேள்வியை உடனே நீதிமன்றத்திடம் கொண்டு சென்றிருக்க வேண்டும் என்று கூறி, இருவருக்கும் தலா 10,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது.

2012இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் இவ்வழியில் சென்றது. ஒரு தந்தை மீது இளம்பெண் ஒருவர் ரகசியமாகக் கூறிய பாலியல் குற்றச்சாட்டை, வழக்கில் உள்ள பெற்றோருக்குத் தெரிவிக்க உத்தரவிட்டது. காவல்துறை ஆவணங்கள் குடும்ப நீதிமன்றத்துக்குச் சேர 2014 முதல் தனி நடைமுறை ஒப்பந்தம் இருந்தது. 2024இல் புதிய ஒப்பந்தம் அதன் இடத்தைப் பிடித்தது.

துப்புக் கொடுப்பவரையும் காக்க வேண்டும், பெற்றோர் சொல்வதையும் கேட்க வேண்டும். இரண்டும் குழந்தைக்காகவே. இவற்றை நிறுத்துப் பார்க்கும் தராசு அதிகாரியின் கையில் அல்ல, நீதிபதியின் கையில் இருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.