கேம்பிரிட்ஜின் கடைசி அகப்பை

1909ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் வாங்கிய கத்பர்ட் ஹோல்ட்ஹவுஸுக்கு ஒரு மர அகப்பை கிடைத்தது. ரசம் கலக்குகிற அகப்பை அல்ல. படகுத் துடுப்பில் செய்து, கிரேக்க மொழியில் கேலி எழுதிய, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமானது. பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது என்பதற்கான சான்று அது!

டிரைபாஸ் என்கிற அந்தத் தேர்வில் முதல் வகுப்பார் ராங்லர்கள். அடுத்து சீனியர் ஆப்டிம், ஜூனியர் ஆப்டிம். வகுப்பைச் சொன்னதோடு விடமாட்டார்கள். முதலிடத்திலிருந்து கடைசிவரை மதிப்பெண் வரிசைப்படி பெயர் வாசிப்பார்கள். அகப்பைக்காரர் உண்மையில் கடைசி மாணவர்கூட இல்லை. சிறப்புப் பட்டம் கிட்டாமல் சாதாரணப் பட்டத்தோடு போனவர்கள் அவருக்கும் கீழே இருந்தார்கள். அவர்களைக் கேலி செய்யவும் ஆளில்லை.

இந்த வரிசையில்தான் பிழைப்பும் இருந்தது. முன்வரிசைக்காரருக்குக் கல்லூரி ஃபெலோ பதவி. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கல்யாணம் செய்துகொள்ளாதவரை அந்த வருமானம் நிலைக்கும். ஆகவே தனிப்பயிற்சி கொடிகட்டிப் பறந்தது. எட்வர்ட் ரூத் என்ற ஒரே பயிற்றுநர் 25க்கும் மேற்பட்ட முதலிடக்காரர்களை உருவாக்கினார். இன்றைய நீட் பயிற்சி மையங்கள் பொறாமைப்படும் கணக்கு.

1845இல் வில்லியம் தாம்சன்தான் முதலிடம் என்று ஊரே எதிர்பார்த்தது. வந்ததோ இரண்டாமிடம். முந்தியவர் ஸ்டீபன் பார்க்கின்சன். மறு ஆண்டே 22 வயதில் கிளாஸ்கோவில் பேராசிரியராகி, பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இந்தத் தாம்சன். பார்க்கின்சன் பெயரை இன்று யாராவது எடுத்தால், தாம்சனை முந்தியவர் என்பதற்காகத்தான். 1854இல் ரூத்துக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

வரிசை எண் சிலருக்குப் பெயரோடே ஒட்டிக்கொண்டது. 1899இல் இன்னொருவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட மராட்டியரான ஆர். பி. பராஞ்சபே, முதலிடம் பெற்ற முதல் இந்தியர். பிற்பாடு புணே ஃபெர்குசன் கல்லூரி முதல்வர், அமைச்சர் என்று எத்தனையோ பதவி பார்த்தார். ஊர் வாயில் கடைசிவரை 'ராங்லர் பராஞ்சபே'தான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1898இல், நான்காமிடம் பெற்றவர் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி. இந்தப் பந்தயம் கணிதத்தையே கெடுக்கிறது என்று கருதி அதை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். நான்காமிடத்துக் கசப்பும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதனால் வாதம் பொய்யாகிவிடாது. 1909 பட்டியலோடு வரிசை நின்றது. 1910 முதல் வகுப்புக்குள் அகர வரிசைதான். கடைசி யார் என்றே தெரியாதபோது அகப்பை யாருக்கு?

1913 ஜனவரியில் ஹார்டிக்குச் சென்னைத் துறைமுகக் கழகக் குமாஸ்தா ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, கல்லூரி இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் கடைசிவரை தேறாமல், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த ராமானுஜன். மதராஸின் கணக்கில் அவர் தோற்ற மாணவர். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. டிரைபாஸ் எழுதாமலே வந்த பட்டம். எத்தனையாவது என்று யாரும் கேட்க வழியில்லை.