‘திரிபவர்’ என்னும் சொல்லின் வரலாறு

கோவை–திருச்சி நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து தெற்கே செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர் பல்லடம். துணி மூட்டைகளும் கறிக்கோழிக் கூண்டுகளும் ஏற்றிய வண்டிகள் அங்கே இரவு பகலாக ஓடுகின்றன. இத்தகைய ஊரில் மறதி நோய் கண்ட முதியவர் ஒருவர் விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிட்டால், வீட்டார் அடையும் கலக்கம் சொல்லில் அடங்காது. ஒரு பக்கம் சாலை. மறு பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறு. அவரோ தம் எண்ணத்தில் திரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன தறியை ஓட்டப் போகிறார். அல்லது என்றோ இறந்த தம் தாயைக் காணப் பிறந்த ஊருக்கு நடக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது திரிதல்.

இச்சொல் நம் நாட்டுச் சட்டத்திலும் ஏறியிருக்கிறது. 1912-ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு இயற்றிய இந்தியப் பைத்தியச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தம் போக்கில் திரியும் ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் எனக் காவல்நிலைய அதிகாரி கருதினால், அவரைக் கைது செய்து நடுவர்முன் நிறுத்தலாம் என்றது. திருடனுக்கும் அதே சொல். தறிக்குப் புறப்பட்ட கிழவருக்கும் அதே சொல்! 1987-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், கைது என்பதை விடுத்துப் பாதுகாப்பில் எடுத்தல் என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மனநோய்க்கு அது தரும் வரையறையில் நினைவாற்றலின் சீர்குலைவும், இடமும் காலமும் அறியும் உணர்வின் சீர்குலைவும் இடம்பெற்றுள்ளன. அதன் 100-ஆம் பிரிவின்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் திரியும் நோயாளரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல்நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அவரை அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காவலறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது. காணாமற்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தாரைத் தேடிக் கண்டறிய வேண்டும். பிடித்தல் என்பது தேடிக் கொடுத்தல் என மாறுவதற்கு நூற்றைந்து ஆண்டுகள் ஆகியுள்ளன.

நோய்க்குப் பெயர் கிடைத்ததோ அதற்கும் முன்பு. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1901-இல் அகுஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அவருடைய கணவர் கார்ல், அவரை வீட்டில் வைத்துக் காக்க இயலாத நிலைக்கு வந்திருந்தார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவ்வம்மையார் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரிடம் கூறினார். 1906-இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அல்சைமர், அவ்வாண்டு நவம்பரில் தம் முடிவை வெளியிட்டார். 1910-இல் கிரேப்பெலின் தம் மருத்துவ நூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். கார்லை நினைப்பார் அரியர்.

கார்லைப் போன்றோரையும் நினைக்கும் முயற்சி ஒன்று நமக்கு அருகிலேயே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் தோன்றியது. தம் தந்தையார் இந்நோயுற்றதைக் கண்ட டாக்டர் ஜேக்கப் ராய் குரியாகோஸ் முன்னின்று, 1992-இல் கேரளத்தில் நோயாளருக்கும் அவர்களைப் பேணுவோருக்குமாக இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ‘10/66’ என்னும் குழுவை அமைத்தனர். மறதி நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அக்குழுவின் களங்களாயின. 2023-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

திருச்சூர்ப் பகுதியில் டாக்டர் கே.எஸ்.ஷாஜி முதலானோர் செய்த ஆய்வுதான் நம் நெஞ்சைத் தொடுகிறது. அங்கே மக்கள் இந்நிலையைச் ‘சின்னன்’, அதாவது பிள்ளைத்தனம், என்று அழைத்தனர். பேணுவோர் பெரும்பாலும் பெண்களே. நோயின் செயல்களை வேண்டுமென்றே செய்யும் வம்பு என்று வீட்டார் கருதினர். நம் கொங்கு வீடுகளில் மட்டும் வேறு எவ்வாறு? “அப்பாரு ஊட்ட உட்டுப் போயிட்டாரு” என்றதும் உறவினர் கண்கள் மருமகள்மீதே பாய்கின்றன. கதவைப் பூட்டினால் கொடியவள், பூட்டாவிட்டால் கவனமற்றவள். இரவெல்லாம் விழித்திருந்தவள் விடியலில் கண்ணயர்ந்த கால் மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பார் எவருமில்லை.

தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமை காக்குமாறு சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரம் மகனைப் பார்த்தே பேசுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் எழுதிய அப்பெரியவர், முதுமையில் அறிவு தளர்வதைக் கண்ணால் கண்டவராகவே தோன்றுகிறார்.

அப்பொறுமையை ஓர் ஊர் முழுவதும் மேற்கொண்ட வரலாறும் திருச்சபைக்கு உண்டு. பெல்ஜியத்தின் கேல் நகரில் புனித டிம்ப்னாவின் ஆலயத்துக்கு நடுக்காலம் முதல் மனநோயாளர் அழைத்துவரப்பட்டனர். ஆலயத்தையடுத்த நோயாளர் இல்லத்தில் இடம் போதாமல் ஊரார் தம் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்தனர், பலர் திரும்பவேயில்லை. 1930-களின் இறுதியில் அவ்வாறு தங்கியவர்கள் 3,700-க்கும் மேல். கேல் நகரின் விருந்தினர் பெரும்பாலும் மறதி நோயாளர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் தெருவில் நடப்பவர் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று அவ்வூரார் அறிந்திருந்தனர். அன்பு ஒன்றாலேயே அது நடந்ததென எண்ண வேண்டா. 1850 முதல் அரசின் மேற்பார்வை இருந்தது, வீட்டாருக்கு உதவித்தொகை இருந்தது, பின்னர் மருத்துவமனையும் செவிலியரும் இருந்தனர். 2023-இல் யுனெஸ்கோ இம்மரபைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. இன்று அங்கும் விருந்தினர் தொகை மிகவும் சுருங்கிவிட்டது.

பல்லடமும் ஒரு காலத்தில் இன்னார் அப்பன் என்று முகம் பார்த்தே சொல்லும் ஊராகத்தான் இருந்தது. இன்று தறிப்பட்டறையில் நிற்பவர் பீகாரிலிருந்து வந்தவர். தேநீர்க் கடைக்காரரும் புதியவர். ஆதலால் சட்டைப் பையின் உட்புறம் தைத்த தொலைபேசி எண்ணும், நிறுத்தத்து ஆட்டோ ஓட்டுநர்களிடம் முன்கூட்டியே காட்டிய நிழற்படமும் பழைய அறிமுகத்தின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. காவல்நிலையத்தில் உடனே முறையிடலாம். ஒரு நாள் கழியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முதியோர் உதவிக்கான 14567 என்னும் எண்ணும் உண்டு. வீட்டைச் சுற்றியும் கிணற்றோரமும் பார்த்தபின், தேடுவோர் அவருடைய மனைவியிடமோ தம்பியிடமோ கேட்க வேண்டியது ஒன்றே: முப்பது வயதில் இந்நேரத்தில் அவர் எவ்வழியாக வேலைக்குப் போவார்?