ஈயம் தேடப் பிறந்த துறை



எங்கேனும் மண்சரிவு நேர்ந்துவிட்டால் மறுநாள் நாளேடுகளில் 'ஜே.எம்.ஜி.' என்னும் பெயர் தவறாமல் இடம்பெறும். கனிமவள, புவி அறிவியல் துறையின் மலாய்ப் பெயர்ச்சுருக்கம் அது. "மண்சரிவைப் பார்க்க வருபவர்களின் பெயரில் கனிமம் எதற்கு, ஐயா?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி.

1903-ஆம் ஆண்டு ஸ்கிரிவனோர் என்னும் ஆங்கிலேயர் கூட்டு மலாய் மாநிலங்களின் நிலவியலாளராக அமர்த்தப்பட்டார். அலுவலகம் பேரா மாநிலத்துப் பத்து காஜாவில். இடத்தைத் தேர்ந்ததிலேயே நோக்கம் விளங்கிவிடுகிறது. அது கிந்தா பள்ளத்தாக்கு. உலகின் வளமிக்க ஈய நிலங்களுள் ஒன்று. எந்தப் பாறையை ஒட்டி ஈயம் கிடக்கும் என்பதே அன்றைய அரசுக்கு வேண்டிய விடை. அவ்விடையைத் தேடியவர், 1931-இல் மலாயாவின் நிலவியல் குறித்து ஒரு முழுநூலே எழுதிவிட்டார்.

பின்னாளில் இத்துறை மலாயில் 'காஜிபூமி' ஆய்வுத் துறை எனப்பட்டது. காஜி என்றால் ஆராய்தல். பூமி நம் பூமியேதான். (எவ்வளவு எளிய சொல்லாக்கம்! நாமோ புவியியல், நிலவியல், மண்ணியல் என்று மாற்றி மாற்றிச் சொல்லி மாணவரைக் குழப்புகிறோம்.)

சுரங்கத் துறை அதுவரை தனியே இயங்கிவந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1999 ஜூலை 1-ஆம் நாள் இரு துறைகளும் ஒன்றாயின. புதிய பெயரில் 'சுரங்கம்' இல்லை. 'புவி அறிவியல்' வந்தது. மலைச்சரிவு, நிலத்தடி நீர், நிலநடுக்கம் ஆகியவை அச்சொல்லுக்குள் அடங்கும். இவற்றுட் பல முன்னரே நடந்துவந்த பணிகள்தாம். பெயரில் இடம் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று. அதற்குள், 1993 டிசம்பர் 11-ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டிருந்தனர்.

நம் நாட்டில் நிலநடுக்கம் வாராது என்று வகுப்பில் உறுதியாகக் கற்பித்தவன் நான். 1976-இலேயே சபாவின் லஹாட் டத்துவில் நிலம் அதிர்ந்து கட்டடங்கள் சேதமுற்றதை அறியாமற் பேசிய பேச்சு அது. 2015 ஜூன் 5-ஆம் நாள் கினாபாலு மலை அதிர்ந்தபோது 18 பேர் இறந்தனர். அவர்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர் எழுவர், ஆசிரியர் இருவர். அதன்பின் 2017-இல் இத்துறை நாட்டின் நிலநடுக்க அபாய வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பார்த்த பிறகே என் பாடக்குறிப்பைத் திருத்தினேன்.

2022 டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலியில் ஒரு முகாம் மண்சரிவில் புதைந்தது. குழந்தைகள் உட்பட 31 பேர் மடிந்தனர். பள்ளி முகாமுக்கு இடம் தேர்ந்த கூட்டங்கள் பலவற்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். பேருந்துக் கட்டணம், உணவு, கழிப்பறை எல்லாம் கேட்டோம். கூடாரத்துக்குப் பின்னே நிற்கும் குன்றைப் பற்றி ஒருமுறையும் நாங்கள் கேட்டதில்லை.